யாருக்கு நல்ல தண்ணி

எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள். ஊருக்குள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷமாக வேலை செய்கிறேன். ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்ளும் ஆம்பளைகளை அதட்டி அதட்டியே என் குரல் இப்படி ஆகிவிட்டது என்று நான் சொல்வேன். அதற்கு முன்னாலேயே அப்படித்தான் இருந்தது என்று என் கணவர் சொல்வார். அந்த வேலை இன்னொரு பழக்கத்தையும் கொடுத்திருக்கிறது. ஆள் சொன்னால் நம்பமாட்டேன், எண் சொன்னால் நம்புவேன். ஒரு ரீடிங் இடித்தால் மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். மறுபடியும் இடித்தால் மூன்றாவது தடவை. அதற்குப் பிறகுதான் எந்திரத்தை விட்டுவிட்டு மனுஷனைச் சந்தேகிப்பேன். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்திருந்தால் எனக்கு நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. முன்னறையில் டிவி வைக்கவேண்டிய இடத்தில் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் ஒரு ஜோடி டிஸ்கஸ் மீன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: வட்டமாக, தட்டையாக, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். செங்கல் நிறம், அதன்மேல் நீல நெளிவுகள். சாப்பாடு ஐந்து நிமிஷம் தாமதமானால் இரண்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து என்னை முறைக்கும். இனம் இனத்தோடு என்று என் கணவர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இந்த மீனின் பூர்வீகம் மழைக்காட்டு ஆறு. உப்பே இல்லாத தண்ணீர். எங்கள் ஊரோ பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குழாயின் வாயில் சுண்ணாம்பாகப் படியும். அந்தத் தண்ணீரில் வளர்ந்த மீன் எப்படியோ பிழைத்துக்கொள்ளும், முட்டை பிழைக்காது. கருக்கட்டாமலே வெள்ளையாகி, பூஞ்சை பிடித்துவிடும். அதற்காகத்தான் ஆர்.ஓ. எந்திரம் வாங்கினோம். மீனுக்கும் ஆச்சு, வீட்டுக்குக் குடிக்கவும் ஆச்சு என்று சமையலறைச் சுவரில் மாட்டினோம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை எண்ணாகக் காட்டும் பேனா அளவு மீட்டர் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். போர் தண்ணீரில் முக்கினால் தொள்ளாயிரத்துச் சொச்சம். எந்திரம் வடித்துக் கொடுத்த தண்ணீரில் நாற்பத்திரண்டு. அந்த நாற்பத்திரண்டைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட ஏற்படவில்லை என்று சொன்னால் வீட்டில் சண்டை வரும், அதனால் சொல்லவில்லை.

எனக்குப் பெரிய அளவில் தண்ணீர் மாற்ற நேரம் கிடைப்பது பௌர்ணமியன்றுதான். அன்று கிரிவலக் கூட்டத்தில் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ரத்தம் கொடுக்க யார் வருவார்கள்? எங்கள் கூடத்துக்கு விடுமுறை. முந்தின நாள் மாலையே எந்திரத்தின் குழாயைப் பின்கட்டில் இருக்கும் நீல டிரம்மில் போட்டுவிடுவேன். விடிவதற்குள் நூறு லிட்டர் சேர்ந்துவிடும். புதுத் தண்ணீர் விழுந்தால் டிஸ்கஸ் ஜோடிக்கு மழைக்காலம் வந்துவிட்டது என்று நினைப்பு. இரண்டொரு நாளில் முட்டையிட்டுவிடும்.

என் கணவருக்கும் அன்றைக்கு வேலை உண்டு. கிரிவலப் பாதையில் எங்கள் வீடு ஏறக்குறையப் பாதி தூரம். வெறுங்காலோடு ஏழு கிலோமீட்டர் நடந்தவர்கள் நாக்கு வறண்டு வருவார்கள். வாசலில் பெஞ்சு போட்டு, எந்திரத்தில் பிடித்த இரண்டு கேன் தண்ணீரும் டம்ளர்களும் வைத்து அவரே நின்று ஊற்றிக் கொடுப்பார். தாலுகா ஆபீசில் நாள் முழுக்க வாயைத் திறக்காத மனிதர், அன்றைக்கு மட்டும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசுவார்.

முதல் பௌர்ணமிக்குப் பிறகு பெட்டை முட்டையிட்டது. தொட்டியில் கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டியின்மேல், வரிசை வரிசையாக, தேன் நிறத்தில், கடுகைவிடச் சின்னதாக நூற்றுக்கணக்கில். நான் வேலைக்கு லீவு போட்டேன். மறுநாள் எல்லாம் வெள்ளை. புது ஜோடி, பழகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டாவது பௌர்ணமி, இரண்டாவது முட்டை, மறுபடி வெள்ளை. மூன்றாவது முறை முட்டை வெளுத்த பிறகு தொட்டித் தண்ணீரை அளந்தேன். நூற்றெழுபத்தைந்து! நூறுக்குக் கீழே இருக்கவேண்டிய தண்ணீர். மணலில் சுண்ணாம்பு இருக்கிறது என்று முடிவு கட்டி, மணல், கல், அலங்காரத்துக்கு வைத்த மரக்கட்டை எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டேன். தொட்டி, மண்சட்டி, இரண்டு மீன், அவ்வளவுதான் மிச்சம். நான்காவது பௌர்ணமிக்கு மறுபடியும் வெள்ளை. அன்றுதான் புத்தி வந்து டிரம்மில் மீட்டரை முக்கினேன். இருநூற்று முப்பது.

ஆக, வில்லன் எந்திரம்! நான் மெக்கானிக்குக்குப் போன் செய்து சத்தம் போட்டேன். எந்திரத்தை மாட்டியவர் அவர்தான், முப்பத்தைந்து வயதிருக்கும், தங்கமான மனிதர். ரோடு திறந்ததும் வருகிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து வந்து குழாயைத் திறந்து அளந்தார். நாற்பத்திரண்டு.

"நல்லாதானேக்கா இருக்குது?"

"நீ வரும்போது மட்டும் நல்லா இருந்தா ஆச்சா? முந்தாநேத்து இருநூத்தி முப்பது. மூணு தடவ அளந்தேன்."

"அப்படி ஏறி எறங்காதேக்கா. ஒண்ணு கேக்கலாமா, வூட்ல யாராச்சும்..."

"ஒண்ணும் கேக்காத. மெம்பரேன மாத்து."

மெம்பரேன்தான் எந்திரத்தின் உயிர், உப்பை வடிகட்டும் சுருள். அது நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை, மாற்றவைத்தேன். டாக்டரைப் பார்த்ததும் இறங்கிப்போகும் ஜுரத்தை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். பிறகு அதற்கு முன்னால் இருக்கும் பஞ்சு, கரி, தண்ணீரைத் தள்ளும் பம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவைத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அந்த வாரம் மீன்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். ஊருக்குள் கடை வைத்திருக்கிறார், ஜோடியை விற்றவரும் அவர்தான். தொட்டிக்கு முன்னால் குனிந்து பெட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"எளைச்சிப் போச்சும்மா. முட்ட போட்டு முட்ட போட்டு ஒடம்புல ஒண்ணுமில்ல. இந்த ஊர் தண்ணில இது ஆவாது. நானே ரெண்டு வருஷம் பாத்துட்டு விட்டவன். மெட்ராஸ்ல ஒருத்தரு கேக்கிறாரு, அங்க போனா பொழைச்சிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது கோபப்படும் விஷயமாக இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். ஆனால் பெட்டை உண்மையிலேயே இளைத்திருந்தது. நெற்றிக்கு மேலே சதை ஒட்டிப்போய்க் கத்திபோல் தெரிந்தது. என் ஆசைக்கு அதைக் கொல்லமுடியாது. இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கிறேன், அடுத்த பௌர்ணமிக்கும் பொரிக்கவில்லை என்றால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் என் ரீடிங் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கெட்ட ரீடிங் வந்த நாட்களையும் முட்டை கெட்ட நாட்களையும் சிவப்பில் வட்டமிட்டேன். நாட்காட்டியோடு ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். எல்லாம் பௌர்ணமியைச் சுற்றி! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கூட்டம். லாட்ஜ், சத்திரம், ஓட்டல் எல்லாம் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். நிலத்தடி நீர் இறங்கி அடியில் இருக்கும் உப்பு மேலே வருகிறது. அதனால்தான்! ஓடிப்போய் என் கணவரிடம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.

காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தவருக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்ததும், "இருக்கும் இருக்கும்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மூளையைப் பார்த்து மனுஷன் அசந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது பௌர்ணமி திங்கட்கிழமை வந்தது. ஞாயிறு மாலை எந்திரத்துத் தண்ணீரை அளந்தேன். நாற்பத்திரண்டு. டிரம்மில் குழாயைப் போட்டேன். காலையில் எழுந்ததும் தொட்டிக்கு முன்னால் வந்தேன். புதுத் தண்ணீருக்குக் காத்திராமல் இரண்டும் மண்சட்டியை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. எதிரெதிரே வந்து குனிந்து உடம்பைச் சிலிர்த்தன. இன்றைக்கே முட்டை! மாலைக்குள். தொட்டி நூற்றுப் பதினெட்டில் இருந்தது. முட்டை விழுவதற்குள் எண்பதுக்கு இறக்கியாகவேண்டும்.

முதலில் போர் தண்ணீரை அளந்தேன், என் கண்டுபிடிப்பை ருசுப்படுத்த. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. போன வாரமும் அதேதான். இன்னொரு தடவை அளந்தேன். மூன்றாவது தடவையும் அளந்தேன். என் கண்டுபிடிப்பு அங்கேயே செத்தது. ஆனால் அதற்காக வருத்தப்பட நேரமில்லை, ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. போர் தண்ணீர் சரி, மெம்பரேன் புதுசு, நேற்று மாலை நாற்பத்திரண்டு. டிரம் பழுதாக வழியே இல்லை. அளக்காமலே ஊற்றிவிடலாம் என்று பக்கெட்டை எடுத்தேன். தூக்கிவிட ஆள் வேண்டும் என்று வாசலுக்குப் போனேன்.

திதி காலையிலேயே தொடங்கிவிட்டதால் பாதையில் பதினொரு மணிக்கே கூட்டம். என் கணவர் பெஞ்சுக்குப் பின்னால் நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். எதிரே, நெற்றி நிறைய விபூதியோடு, வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு நின்று மடக் மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தால், எங்கள் மெக்கானிக்!

"என்னக்கா, சவுக்கியமா? நடந்துகினு வந்தேன், சாரப் பாத்தேன்." டம்ளரை நீட்டி மறுபடி வாங்கிக்கொண்டார். "இன்னிக்கி தண்ணி நல்லா இருக்குதுக்கா. ருசியா இருக்குது."

நான் "அப்படியா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். திரும்பியவள் நின்றேன். போன மாதம் இவர் மெம்பரேன் மாற்றிவிட்டு இதே தண்ணீரைக் குடித்துவிட்டு என்ன சொன்னார்? சப்பென்று இருக்கிறது, அதுதான் சுத்தத்துக்கு அடையாளம் என்றார். சுத்தமான தண்ணீர் சப்பென்று இருக்கும். ருசி என்பது உப்பு.

என் இடுப்பில் எப்போதும் மீட்டர் செருகியிருக்கும். அவர் கையில் இருந்த டம்ளரிலேயே முக்கினேன். இருநூற்று முப்பத்தொன்று. பின்கட்டுக்கு ஓடி டிரம்மில் முக்கினேன். இருநூற்று இருபத்தொன்பது. அதை ஊற்றியிருந்தால்! மறுபடி வாசலுக்கு ஓடினேன்.

"எந்திரம் மறுபடியும் ஏறிடுச்சு" என்றேன்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். "சார் திருப்பி வெச்சிருப்பாருக்கா."

"எத?"

"ருசித் திருகு. உள்ள கீதே. நல்ல தண்ணி வேணும்னா கொஞ்சம் போர் தண்ணிய கலந்து விடறதுக்கு. மாட்டும்போதே சாருக்குக் காட்டிக் குடுத்தேன். நீங்க டூட்டில இருந்தீங்க."

நல்ல தண்ணி! எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும் சொல். புழங்க உப்புத் தண்ணி, குடிக்க நல்ல தண்ணி. நான் நல்ல தண்ணி வேண்டும் என்று மாட்டச் சொன்னேன். மெக்கானிக் அதைக் குடிக்கிற நல்ல தண்ணி என்று எடுத்துக்கொண்டார். என் கணவருக்கு நல்ல தண்ணி என்றால் வந்தவர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்கவேண்டும். என் மீனுக்கு நல்ல தண்ணி என்றால் யாருக்கும் வாயில் வைக்க விளங்காத தண்ணி. நான்கு மாதமாக நாங்கள் மூன்று பேரும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு மூன்று தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

என் கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி திருப்பிவைத்து, கூட்டம் கலைந்ததும் மறுபடி மூடிவிடுவாராம். அதனால்தான் மெக்கானிக் வரும்போதெல்லாம் நாற்பத்திரண்டு.

"மொத தடவ இந்தத் தண்ணிய வெச்சப்ப ஒரு பெரியவரு வாய கொப்புளிச்சித் துப்பிட்டாரு. இன்னாபா, தண்ணில உசுரே இல்லன்னாரு. அவ்ளோ தூரம் நடந்து வந்தவரு. எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. ரெண்டு நாளைக்குத்தானே, மீனுக்கு நீ சாயந்தரமே ரொப்பிடறேனு நெனச்சேன். மீனுக்குப் போவும்னு எனக்குத் தெரியாது, நீ பௌர்ணமினு சொன்னப்பதான் திக்குனுச்சி. அப்பவும் சொல்லப் பயம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அவர் அடுத்த டம்ளரை நிரப்பினார். "உங்கிட்ட கேட்டா நீ கத்துவ. அந்தத் திருகு கத்தாது."

பெஞ்சுக்கு முன்னால் நின்றிருந்த நாலைந்து பேர் டம்ளரும் கையுமாக என்னையே பார்த்தார்கள். கத்துவதற்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். அடிபட்டதுபோல் இருந்தது. அவர் சொன்னது கோபமாகக்கூட இல்லை, மழை வரும் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அந்தப் புரையேற்றம் ஏன் என்று இப்போது புரிந்தது. மெக்கானிக் அன்றைக்கே கேட்க வந்த கேள்வியும் இதுதான். நான் கேட்கவிடவில்லை. எந்திரத்தையெல்லாம் சோதித்தேன், என் குரலைச் சோதிக்கவில்லை.

ஆனால் அதை நினைத்து உருக அப்போது நேரமில்லை. "அப்புறம் பேசிக்கலாம். இப்ப திருகு எங்க இருக்கு, காட்டு" என்று மெக்கானிக்கைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கிரிவலம் வந்தவரிடம் ஸ்க்ரூ டிரைவர் ஏது? எந்திரத்தின் மூடியைக் கையால் நெம்பித் திறந்து, உண்டியலில் போட இடுப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு ரூபாய்க் காசை எடுத்துத் திருகின் பள்ளத்தில் வைத்துத் திருப்பினார். சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் திருகு. நான்கு மாதம் என்னை ஆட்டிவைத்தது அதுதான்.

குழாயைத் திறந்து அளந்தேன். இருநூற்று இருபது. "என்ன இது!"

"கத்தாதீங்கக்கா, உள்தொட்டில பழைய தண்ணி எட்டு லிட்டர் நிக்குது. அது போவட்டும்."

போகவிட்டோம். நான் மீட்டரைக் குழாயடியிலேயே பிடித்துக்கொண்டு எண்ணை ஏலம்போல் கூவினேன். நூற்றெண்பது. நூற்றிருபது. தொண்ணூறு. ஐம்பத்தெட்டு. நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று! மெக்கானிக் கைதட்டினார். பிறகு, மீதி நடை பாக்கி இருக்கிறது, பாதியில் நிற்கக்கூடாது என்று காசை மறுபடி இடுப்பில் முடிந்துகொண்டு ஓடினார்.

இப்போது கணக்கு நேரத்தோடு. எந்திரம் மணிக்குப் பன்னிரண்டு லிட்டர் கொடுக்கும். எனக்கு அறுபது லிட்டர் வேண்டும். ஐந்து மணி நேரம், ஒரு சொட்டுக்கூட வேறெங்கும் போகக்கூடாது. வாசலிலோ கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது, கேன் இரண்டும் காலியாகப்போகிறது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கேனைப் பார்த்தார். "கடைல கேன் கெடைக்குதானு பாக்கறேன். நீ மீனப் பாரு" என்றார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு உதித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்க, பின்னால நூறு லிட்டர் இருக்குங்க! நீங்க ருசி வெச்சதுதான்!"

மீனுக்கு விஷமான அந்த நூறு லிட்டரும் மனுஷனுக்கு அமிர்தம். நானும் அவரும் டிரம்மிலிருந்து குடம் குடமாக மொண்டு வாசலுக்குச் சுமந்தோம். வந்தவர்கள் குடித்தார்கள், முகத்தில் ஊற்றிக்கொண்டார்கள், பாட்டிலில் பிடித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் எந்திரத்திலிருந்து மெல்லிய டியூப் ஒன்றை நேராகத் தொட்டிக்கு இழுத்துவிட்டேன். சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் உள்ளே, பழைய தண்ணீர் இன்னொரு டியூப் வழியாக வெளியே. அரைமணிக்கு ஒருதரம் ஓடிவந்து அளந்தேன். நூற்றுப் பத்து. நூற்றிரண்டு. தொண்ணூற்று மூன்று. நான் எண் சொன்னால் வாசலிலிருந்து அவர் "சரி!" என்பார். குடிக்க வந்த ஓர் அம்மா, உள்ளே யாருக்கு ஜுரம் என்று கேட்டார்களாம்.

நாலரை மணி இருக்கும். மீட்டர் எண்பத்தொன்று. பெட்டை மண்சட்டியின் அடியில் உரசிக்கொண்டு மேலே ஏறியது. போன வழியெல்லாம் முட்டை, கோடு போட்டதுபோல. பின்னாலேயே ஆண் மீன் ஏறியது. மறுபடி பெட்டை, மறுபடி ஆண். நானும் அவரும் நாற்காலிகூடப் போட்டுக்கொள்ளாமல் தரையில் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் வந்தவர்கள் தாங்களே ஊற்றிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வந்து, திருகுக்கு முன்னாலேயே குழாயில் ஒரு பிரிவு போட்டு மீனுக்குத் தனி வழி வைத்துக்கொடுத்தார். இந்தமுறை அவர் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டேன். அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கவேண்டும். அன்று மாலைதான் முட்டை வெளுக்கும் நேரம். கூடத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்த என் கணவருக்குப் பத்துத் தடவை போன் செய்தேன்.

"ஏழு வெள்ளையா கீது" என்றார் என் கணவர்.

"மீதி?"

"மீதி தேன் கலர்தான். டார்ச் அடிச்சிப் பாத்துட்டேன். மூணு தடவ."

மூன்று தடவை! இருபது வருஷம் குடும்பம் நடத்தியதற்கு அன்றைக்குத்தான் பலன் தெரிந்தது.

புதன்கிழமை ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. வியாழன் விடிகாலையில் மண்சட்டியே நெளிவதுபோல் இருந்தது. அத்தனையும் வால்! பொரித்துவிட்டது. ஆனால் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. டிஸ்கஸ் குஞ்சுக்கு நாம் போடும் எந்தத் தீனியும் ஆகாது. அது தாய் தகப்பனின் உடம்பில் சுரக்கும் பசையைத்தான் தின்னும். நீந்தத் தொடங்கியதும் அந்த உடம்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளவேண்டும். ஒட்டவில்லை என்றால் ஒரு நாளில் எல்லாம் போய்விடும். பெட்டையும் மறுபடி வெறும் வயிற்றோடு இன்னொரு முட்டைக்குத் தயாராகும். அதை நான் அனுமதிக்கமாட்டேன், மீன்கடைக்காரரோடு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குஞ்சுகள் எழும்பின. தூசி பறப்பதுபோலத் தொட்டி முழுக்கச் சிதறின. சில ஹீட்டரைப் போய் முகர்ந்தன, சில கண்ணாடி மூலையில் முட்டின. ஒன்றுகூடப் பெற்றோர் பக்கம் போகவில்லை. அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம். மீன்கடைக்காரர், சொன்ன சொல் தவறாமல், தெர்மாகோல் பெட்டியோடு வந்து நின்றார். என் கணவர் உதட்டில் விரலை வைத்து அவரை உள்ளே கூட்டிவந்தார். மூன்று பேரும் தொட்டிக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"சத்தம் போடாத" என்று என் கணவர் என் காதில் சொன்னார். நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்.

பத்து நிமிஷம் போயிருக்கும். பெட்டை மெல்ல நகர்ந்து குஞ்சுகளுக்கு நடுவில் வந்து அசையாமல் நின்றது. அதன் உடம்பு நிறம் கறுத்துக்கொண்டே வந்தது. ஒரு குஞ்சு அதன் விலாவில் போய் முட்டியது. விலகியது. மறுபடி முட்டி, அங்கேயே நின்றது. பிறகு இரண்டு. பிறகு எண்ணமுடியவில்லை. தொட்டியின் எல்லா மூலையிலிருந்தும் வந்தன. கொஞ்ச நேரத்தில் அந்த இளைத்த உடம்பு முழுக்க உயிர். பெட்டை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது, பாரத்தை இறக்கி மாற்றுவதுபோல. பாதிக் கூட்டம் உதிர்ந்து அப்படியே ஆண் மீனின்மேல் போய் ஒட்டிக்கொண்டது.

மீன்கடைக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு அருகில் குந்தினார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "முப்பது வருஷமா மீனு விக்கிறேன்மா" என்றார் ஒருவழியாக. "இத படத்துலதான் பாத்திருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பெட்டியைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போனார்.

எனக்குக் கத்தியே ஆகவேண்டும். உள்ளே கத்தினால் பயந்துபோய் மீன்களே குஞ்சுகளை விழுங்கிவிடும். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வாசலைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் நின்றுகொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஒட்டிக்கிச்சு! எல்லாம் ஒட்டிக்கிச்சு!"

கிரிவலம் வந்துகொண்டிருந்த ஒரு கூட்டம் திடுக்கிட்டு நின்றது. எந்த ஊர்க்காரர்களோ. என் முகத்தில் கண்ணீர் வழிவதைப் பார்த்தார்கள், சிரிப்பதையும் பார்த்தார்கள். முன்னால் வந்த பெண்மணி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "அண்ணாமலையாருக்கு!" என்றாள்.

"அரோகரா!" என்றார்கள் அத்தனை பேரும்.

பின்னால் எங்கள் வாசலிலிருந்தும் ஒரு குரல் கேட்டது. எங்கள் தெருவில் யாரும் அதுவரை அவ்வளவு சத்தமாக என் கணவர் குரலைக் கேட்டதில்லை.